அத்தானின் வண்டிக்கு வந்த மவுண்டிங்

உள்ளங்கையில் அடங்கிவிடும் கறுப்பு ரப்பர் கட்டை. இரண்டு பக்கமும் இரும்புத் தகடு, தகட்டில் ஒரு போல்ட். காரின் இன்ஜினைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். சென்னையிலிருந்து கப்பலில் வந்த அப்படியொரு ஜோடி மவுண்டிங், பழைய தினத்தாளில் சுற்றி, போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப் அலமாரியில் நான்கு நாள் இருந்தது. சுனாமிக்கு மறு வருஷம். அந்தப் பொட்டலத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. யார்மேல் என்று கேட்டால், முதலில் என்மேல். அப்புறம், கொஞ்சமும் நியாயமில்லாமல், என் அத்தான்மேல்.

அத்தான் என் அக்காவின் கணவர். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். அவர் மட்டும் டாக்ஸி ஓட்டிப் பிழைக்கப் பாராடாங் தீவுக்கு வந்தவர், அதனால் மிஞ்சினார். கச்சாலில் இருந்த தாய், தகப்பன், தங்கை, தங்கையின் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகும் அந்த மனிதர் யாரையும் ஏசி நான் பார்த்ததில்லை. நிவாரண வரிசையில் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போகிறவனிடமும் “சலேகா பாய்”, பரவாயில்லை தம்பி, என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்களுக்கு ரோஷமே கிடையாதா என்று ஒருமுறை கேட்டதற்கு, அதுதான் நீயும் உன் அக்காளும் மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறீர்களே, வீட்டுக்கு அது போதாதா என்றார்.

அவருடையது பழைய டீசல் அம்பாசடர். சுனாமியன்று சர்வீசுக்காக என்னிடம் விட்டிருந்தார். அரை நாள் உப்புத் தண்ணீரில் நின்றது. இன்ஜினைப் பிரித்துக் கழுவினேன், சீட்டைக் காயவைத்தேன். மவுண்டிங்கை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வருஷம் போவதற்குள் கியர் லிவர் நடுங்க ஆரம்பித்தது. வண்டி புறப்படும்போதெல்லாம் கீழே ‘டக்’ என்று ஓர் அடி. பார்த்தவர்கள் எல்லோரும் கியர்பாக்ஸ் போச்சு என்றார்கள். நான் பானெட்டைத் திறந்து வைத்து, அத்தானை உள்ளே உட்காரச் சொன்னேன். பிரேக்கை அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் விடச் சொன்னேன். இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு எழுந்தது. ரிவர்ஸில் விட்டதும் தொப்பென்று உட்கார்ந்தது. கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால் ரப்பர் தனி, தகடு தனி. உப்பு இடையில் புகுந்து துருவேற்றி இரண்டையும் பிரித்துவிட்டிருந்தது. சும்மா பார்த்தால் எதுவும் தெரியாது.

எங்கள் தீவில் எது உடைந்தாலும் சொல்வதற்கு ஒரே பதில்தான்: ஜஹாஜ் வரட்டும். அந்த மாதங்களில் கப்பல் வயிறு முழுக்க சிமெண்டும் கம்பியும் தகரமும். மோட்டார் சாமானுக்கு இடமில்லை. அதுவரைக்கும் ஒப்பேற்ற எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் செய்ததையே நானும் செய்தேன். ஜாக்கியின்மேல் பலகை வைத்து, ஆயில் சேம்பரின் அடியில் கொடுத்து இன்ஜினை ஓர் அங்குலம் தூக்கினேன். பழைய மவுண்டிங்கைக் கழற்றிவிட்டு, லாரி டயரை மூன்று அடுக்காக வெட்டி வைத்து போல்ட் போட்டேன். இது பதினைந்து நாளைக்குத்தான் தாங்கும், பள்ளத்தில் பிரேக் அடித்தால் இன்ஜின் முன்னால் வந்து ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்துவிடும் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. அக்காவுக்கு அப்போது ஆறு மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான பிள்ளை. “ஒங்க அக்காவ ஆஸ்பத்திரிக்கு இதுலதான் கூட்டிட்டு வரணும் மச்சான். அதுக்குள்ள மாத்திக் குடுத்துரு” என்றார்.

அடுத்த மாதமே கப்பலில் மவுண்டிங் வந்தது. அத்தானுக்குச் சொல்லி அனுப்பவேண்டும் என்று நினைத்துக்கொண்டே நான்கு நாளைக் கடத்தினேன். ஐந்தாம் நாள் காலை, வீடு கட்டும் காண்டிராக்டர் ஒருவர் தன்னுடைய அம்பாசடரோடு வந்து நின்றார். அதே நடுக்கம், அதே ‘டக்’. பெரிய மனிதர். என் எண்ணெய் படிந்த ஸ்டூலில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, என்னை “மிஸ்திரி சாப்”, மெக்கானிக் ஐயா, என்று கூப்பிட்டார். அவர் அலமாரிப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. நானேதான் எழுந்துபோய்ப் பொட்டலத்தைப் பிரித்து அவர் வண்டியில் மாட்டினேன். மிரட்டினார் என்றோ கெஞ்சினார் என்றோ சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. ஒரு ‘சாப்’புக்கு மயங்கிய மூடன் நான். நம்ம அத்தான்தானே, அடுத்த கப்பல்வரை பொறுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். பொறுத்துக்கொள்கிறவர்கள் தலையில்தானே நாம் எப்போதும் மிளகாய் அரைக்கிறோம்.

அடுத்த வாரம் அத்தான் வந்து மவுண்டிங் வந்ததா என்று கேட்டார். கப்பலில் வரவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். “சரி, வரும்போது வரட்டும்” என்றார். டயர்த் துண்டைத் திரும்ப முடுக்கிக் கொடுத்தேன்.

அடுத்த கப்பலில் மவுண்டிங் வரவில்லை. அக்காவுக்கு எட்டாம் மாதத்தில் ஒரு விடியற்காலை ரத்தப்போக்கு கண்டது. பாராடாங்கில் பார்க்க முடியாது, போர்ட் பிளேர் கொண்டுபோங்கள் என்றுவிட்டார்கள். அத்தான் வண்டியில் போட்டுக்கொண்டு முதல் ஃபெரியில் இக்கரை ஏறி, காலை கான்வாயில் சேர்ந்தார். பழங்குடியினருக்கு ஒதுக்கிய அந்தக் காட்டுப் பாதையில் வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போகவேண்டும். இடையில் யாரும் நிற்கக்கூடாது. பாதி வழியில் ஒரு பள்ளம். பிரேக் அடித்தார். நான் சொன்னபடியே, சொல் பிசகாமல், டயர்த் துண்டு நழுவி இன்ஜின் முன்னால் போயிற்று. ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்தது. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கிக் கடந்தன. கடைசியில் ஒரு வங்காளி லாரி டிரைவர்தான் நிறுத்தி, அக்காவைத் தன் கேபினில் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி சேரும்போது உச்சி வேளை. அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை. அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை.

இப்போது போனில் சொன்னால் சாமான் விமானத்தில் வந்து இறங்குகிறது. ஜஹாஜ் வரட்டும் என்று சொன்னால் வாடிக்கையாளன் சிரிப்பான். அத்தானும் அக்காவும் போர்ட் பிளேரிலேயே லம்பா லைனுக்குக் குடிவந்து பல வருஷமாகிறது. போன மாதம் ஒரு மத்தியானம் ஒர்க்‌ஷாப்பில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். ஒரு பழைய வண்டிக்கு மவுண்டிங் மாற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, ஆசைப்பட்டேன்.

“தெரியும் மச்சான்” என்றார். “ஃபெரி லைன்ல காண்டிராக்டர் டிரைவர் அப்பவே சொன்னான், ஒன் கடைல புது மவுண்டிங் போட்டதா. அதுக்கப்புறந்தான் ஒங்கிட்ட வந்து கேட்டேன்.”

எனக்குத் தலை கொதித்தது. தெரிந்துகொண்டே ஏன் வாயை மூடிக்கொண்டு போனீர்கள், என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அன்றைக்கே அந்தக் காரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருப்பேனே என்று கத்தினேன். கத்தும்போதே அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. நான் கழற்றியிருக்க மாட்டேன்.

“எஞ் சனம் பூரா கடலோட போயிருச்சு” என்றார் அத்தான். “ஒங்க அக்காவுக்குப் பொறந்த வீடுன்னு நீ ஒருத்தந்தான் இருக்க. சண்ட போட்டு அதையும் நானே இல்லாம ஆக்கவா?”

அக்காவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்தனுப்புகிறாள். தூக்குவாளியைக் கொண்டுவருவது அத்தான்தான். பெஞ்சில் வைத்து, மூடியைத் திறந்து, ஆறுவதற்குள் சாப்பிடு என்கிறார். ஒரு நாளாவது அதைத் தூக்கி என் முகத்தில் எறிந்துவிட்டுப் போகக்கூடாதா இந்த மனுஷன்?