போர்டில் செவிலிமேடு என்று இருந்தது

எங்கள் ஊரில் டவுன் பஸ் போர்டைப் படிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். நாங்கள் படிக்கட்டில் ஒரு காலை வைத்து, "செவிலிமேடு போவுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறு காலைத் தூக்குவோம். காலையில் மாட்டிய போர்டு சாயங்காலம் வரை தொங்கும். வண்டி அதற்குள் எங்கெங்கோ போய் வந்திருக்கும். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. நானும் என் மகளுக்குச் சொல்லித் தரவில்லை.

அவளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்புப் பாதியில் திடீரென்று படிக்க வந்துவிட்டது. அதுவரை நான் சொன்னதுதான் அவளுக்கு வேதம். நிலா நம் கூடவே வீட்டுக்கு வருகிறது என்பேன், தலையாட்டுவாள். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் ஆளே மாறிவிட்டாள். ஒரு நாள் சோம்பு டப்பாவை எடுக்கச் சொல்லி, அதில் சீரகம்தான் இருக்கிறது என்றேன். "சோம்புன்னு எழுதி இருக்குதும்மா" என்றாள். திறந்து காட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இதன் பெயர்தான் சோம்பு, அம்மாவுக்குத்தான் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

சிரித்தேன். பக்கத்து வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அவள் தொணதொணவென்று கேள்வி கேட்கும்போதெல்லாம், என்னை ஏன்டி கேட்கிறாய், எழுதி இருக்கிறது பார், படி என்று தள்ளிவிட்டவளும் நான்தான். இத்தனைக்கும் பட்டுக்கடையில் புடவைக்குச் சீட்டு ஒட்டுவதுதான் எனக்கு வேலை. கைத்தறி என்று நான் ஒட்டிய சீட்டுக்கு அடியில் எத்தனை விசைத்தறிப் புடவை மடிந்து கிடந்தது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் பிள்ளையிடம் அப்படிச் சொன்னேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். செவிலிமேடு போர்டோடு ஒரு வண்டி நின்றது. கண்டக்டரைக் கேட்டேன், வாலாஜாபாத் போகிறது என்றார். அவள் என் கையை இழுத்தாள். இது நம் பஸ் இல்லை என்றேன்.

"போட்டிருக்குதே."

பேசாமல் நில்லு என்று அதட்டிவிட்டு, நாலு கடை தள்ளிப் பால் பாக்கெட் வாங்கப் போனேன். பாலோடு திரும்பி வந்தால் அவள் இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. கட்டணக் கழிப்பறையில் பார்த்தேன், கடைகளுக்குப் பின்னால் பார்த்தேன், நின்றிருந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பூக்காரம்மா ஒருத்திதான் கூப்பிட்டுச் சொன்னாள்: "செவிலிமேடு போர்டு போட்டுக்கினு இப்பப் போச்சே, ஸ்கூல் பொண்ணு ஒண்ணு அந்த வண்டில ஏறுச்சேம்மா. பக்கத்து சீட்டுல பையைப் போட்டுக்கினு உக்காந்துச்சி. நீ வருவேன்னு நெனச்சேன்."

பஸ்ஸில் நாங்கள் அப்படித்தான் இடம் பிடிப்போம். முந்தி ஏறுகிறவர் பையைப் போட்டு வைக்க வேண்டும். அவள் ஓடிப் போகவில்லை. எனக்கு இடம் போட்டிருக்கிறாள்.

ஆட்டோவில் விழுந்தடித்து ஏறினேன். கோயில் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், அந்த நேரத்தில் ஒரு சாமி பெயர்கூட வாய்க்கு வரவில்லை. அவள் அடையாள அட்டையில் இருப்பது என் பழைய நம்பர். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். புது நம்பரை வாயால் சொல்லி மனப்பாடம் பண்ண வைத்திருந்தேன்தான். ஆனால் யாராவது கேட்டால் அட்டையில் இருப்பதைத்தான் அவள் ஒப்பிப்பாள், எனக்குத் தெரியும். வழியில் வேறொரு போர்டைப் பார்த்து இறங்கியிருந்தால்? நல்லவர்கள் யாராவது சொன்னால்தான் கேட்பாளா? பெற்றவள் பேச்சையே கேட்காத பிள்ளை. எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் எட்டி எட்டிப் பார்த்தேன். கையில் பால் பாக்கெட் உடைந்து மடியெல்லாம் நனைந்திருந்ததுகூட வாலாஜாபாத் வந்த பிறகுதான் தெரிந்தது.

பஸ் நிலையத்தில், டைம் கீப்பர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. கட்டிக்கொண்டேன், அடித்தேன், மறுபடியும் கட்டிக்கொண்டேன். அவள் அழவே இல்லை. பக்கத்தில் எனக்காகப் பை போட்டு இடம் வைத்திருந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு. "அம்மா வந்துகொண்டிருக்கிறார். இந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்று நீல மையில் எழுதியிருந்தது.

டைம் கீப்பர் வெளியே வந்தார். தலை நரைத்த மனிதர். கண்டக்டர் அவளை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாராம். "வாயால சொன்னா நம்ப மாட்டேங்குதும்மா. செவிலிமேடு போர்டு எங்க இருக்குதுன்னு தேடிக்கினு ரோட்டுக்கு ஓடுது. ரெண்டு தபா லாரிக்கு முன்னாடி போயி இழுத்துக்கினு வந்தேன். அப்புறம் எழுதிக் குடுத்தேன், உக்காந்துடுச்சி."

நான் வருவது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. அது சொன்ன நம்பருக்கு அடிச்சேன், போவல. சும்மாதான் எழுதினேன்."

என் மகள் சீட்டை எனக்கு நேராக நீட்டினாள். "பாத்தியாம்மா, எழுதி இருந்தா மாதிரியே வந்துட்ட" என்றாள்.

வேறு எவனாவது ஒரு சீட்டில், அம்மா கூப்பிடுகிறார், என்னோடு வா என்று எழுதி நீட்டியிருந்தால்? எழுந்து போயிருப்பாள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? வாயால்தானே சொல்ல வேண்டும்.

அந்தச் சீட்டு இன்னும் அவள் பென்சில் டப்பாவில் இருக்கிறது. கிழித்துப் போடலாம் என்று நாலைந்து முறை கையில் எடுத்திருக்கிறேன், முடியவில்லை. அன்றைக்கு என் பிள்ளையை லாரிக்கு முன்னால் போகாமல் பிடித்து வைத்தது நான் சொன்ன எதுவும் இல்லை. அந்தப் பொய்தான்.