ஆக உயர்ந்த அட்டை

வீட்டில் சிக்னல் இல்லாததால் முரசுமோட்டை பஸ் தரிப்பில் விமான நிறுவனத்துக்குக் கோல் எடுத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். விமானத்தில் போட்ட என் சூட்கேஸ் வராமல் இன்று நான்காம் நாள். அம்மாவின் காதுக் கருவி அதற்குள் இருக்கிறது; அவருடன் இன்னும் கத்தித்தான் கதைக்கிறேன். ஓயாமல் பறப்பவர்களுக்கு அந்த நிறுவனம் கொடுக்கும் ஆக உயர்ந்த அட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது. அதைத் தக்கவைக்கவே போன மார்கழியில் ஒரு அலுவலும் இல்லாத ஊருக்குப் பறந்து அன்றே திரும்பிய மடையன் நான். அதற்குக் கிடைத்த மரியாதை, ‘முதலில் இறக்கவும்’ என்று எழுதி சூட்கேஸில் கட்டிய ஒரு சிவப்புத் துண்டு.

கிளிநொச்சியிலிருந்து வந்த பஸ் நிற்கிறது. திருத்தக் கொடுத்திருந்த வோட்டர் பம்பைக் கொண்டக்டர் இறக்கி, பக்கத்தில் நிற்கும் வயல்காரப் பெண்ணிடம் கொடுக்கிறார். அதில் எந்தத் துண்டும் இல்லை.

“பேர்கூட எழுதேல்லை. எப்பிடியக்கா வந்து சேருது?” என்கிறேன்.

“கடைக்காரர் பஸ்ஸில ஏத்திப்போட்டு கோல் எடுப்பார். கொண்டக்டருக்கு எங்களைத் தெரியும்தானே.” காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போடும்வரை நான் போனில் கத்தியதைக் கேட்டிருந்தவர், “உங்கட பெட்டிக்கு ஒருத்தரும் பொறுப்பில்லையோ?” என்கிறார்.

அதற்குள் போனில் பாட்டு நின்று ஒரு குரல் வருகிறது. என் பத்து வருட விசுவாசத்துக்கு நன்றி சொல்கிறது. பிறகு என் பெயரைக் கேட்கிறது.