முட்டைக்குள் ஒரு கண்

நாயாற்று மீனவர் சங்கக் கூட்டத்தில், சபை சிரிக்க ஒரு பெண்ணை அவமானப்படுத்தியவன் நான். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் என்று என்னைத் தலைமை தாங்க வைத்திருந்தார்கள்.

அந்தப் பெண் கடலுக்கடியில் மூழ்கிப் படமெடுக்கும் ஒரு சுழியோடி. உப்பில் வெளுத்த தலைமுடி. கமராப் பெட்டியின் ரப்பர் வளையத்தில் மணல் இருக்கிறதா என்று பெருவிரலால் தடவிக்கொண்டேதான் பேசுவார். கணவாய் பிடிக்கும் கூடுகளில் கட்டுகிற மரக்கொப்புகளில் கணவாய் முட்டையிடுகிறது, பருவம் முடிந்ததும் அவற்றைக் கரையில் எறியாமல் குஞ்சு பொரிக்கும்வரை கடலில் விடுங்கள் என்று கேட்டு ஒரு படம் காட்டினார். படம் முழுக்கப் பனிமூட்டம் போல வெள்ளைப் புகார்.

“பிள்ளை, இது பால் தேத்தண்ணியெல்லோ?” என்றேன். சபை சிரித்தது. அவருடைய கோரிக்கையும் அதோடு போயிற்று.

வெட்கம் என்னை விடவில்லை. புதுக் கமரா வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

“கமரா நல்லம், சேர். லைட் லென்சுக்குப் பக்கத்தில இருக்கிறபடியால்தான் தண்ணித் தூசியெல்லாம் மினுங்குது. ரெண்டு பக்கமும் தள்ளிப் பிடிக்க லைட்டும், கிட்டப் பிடிக்கிற லென்சும் போதும்.”

கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்தேன்.

அடுத்த கூட்டத்தில் திரை நிறைய ஒரே ஒரு முட்டை. அதற்குள் கறுத்த கண்ணோடு ஒரு குஞ்சு.

“அட, எங்களையெல்லோ பாக்குது!” என்று படகுகள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி எழுந்தேவிட்டார்.

நானும் எழுந்து, அன்று அவரைப் பகிடி பண்ணியது என் பிழை என்று சபைக்குச் சொன்னேன்.

“தேத்தண்ணி தெளிஞ்சிட்டுதோ, சேர்?” என்றார் அவர்.

“ஓம் பிள்ளை, நல்லாத் தெளிஞ்சிட்டுது.”

இம்முறை சபை என்னைப் பார்த்துச் சிரித்தது. அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பருவ முடிவில் ஒரு கொப்புகூடக் கரைக்கு வரவில்லை.