புக்கித் தீமா மலையும் ஒரு புள்ளியும்

மலை என்றதும் இமயமலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். சிங்கப்பூரில் மலை என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு இருந்தது புக்கித் தீமா ஒன்றுதான். ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அதைப் பார்த்தால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கேமரா முக்காலியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, விடியுமுன் சிராங்கூன் ரோட்டிலிருந்து மிதித்துப் போய், அரைத் தூக்கத்தில் உச்சிக்கு ஏறிப் பார்த்தால் தெரியும் அது மலையா இல்லையா என்று.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோ ஒன்றில் சம்பளத்துக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிழைப்பு முழுக்க முகங்கள். கல்யாண முகம், பாஸ்போர்ட் முகம், ஸ்டூடியோ கோட்டை மாட்டிக்கொண்டு ஊருக்கு அனுப்புவதற்காக விறைத்து நிற்கும் முகம். இது போதாதென்று செத்த முகம் வேறு. யாராவது தவறிவிட்டால், ஊரில் இருக்கிற பெண்டாட்டி பிள்ளைகள் பார்க்க வேண்டுமே என்று பிணம் எடுப்பதற்குள் ஆள் அனுப்புவார்கள். போய் மாலையை ஒதுக்கி, அழுகிறவர்களைக் கொஞ்சம் அசையாமல் நிற்கச் சொல்லிப் படம் எடுக்க வேண்டும். அன்றைக்குச் சோறு இறங்காது. போதும் போதும் என்றாகிவிட்டது எனக்கு. மனுஷ முகமே கண்ணில் படாத இடத்துக்கு ஓடினால் தேவலை என்றிருந்தது.

மலையில் முகங்கள் இல்லை. குரங்குகள் உண்டு. ஒரு தடவை என் லென்ஸ் மூடியைப் பிடுங்கிக்கொண்டு போய், மரத்தில் உட்கார்ந்து கடித்துப் பார்த்துத் துப்பிய குரங்கைக்கூட நான் திட்டவில்லை. அதற்குக் கோட்டு மாட்ட வேண்டியதில்லை, தலை சீவ வேண்டியதில்லை. ஆனால் விடியல் சும்மா கிடைத்துவிடாது. பாதி நாள் பனிமூட்டம். மீதி நாள் லென்ஸில் ஈரம் படிந்து, துடைத்து முடிப்பதற்குள் சூரியன் மேலே போயிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அச்சகக்காரர் ஒருவர் என்னைப் பிடித்தார். கடைகளுக்குக் காலண்டர் அடித்துக் கொடுக்கிறவர்.

"வெளிநாட்டுப் பனிமலைய போட்டு அலுத்துப்போச்சு. நம்ம பக்கத்து மலைய எடுத்துட்டு வாங்க லா. ஆனா வெறும் மலைய யாரு பாப்பா? அதுல உசிருள்ளது ஒண்ணு இருக்கணும். மொதப் படம் நல்லா வந்தா, மலாயா முழுக்க சுத்துங்க. மாசத்துக்கு ஒரு மலை. செலவு என்னுது."

பன்னிரண்டு மலை! ஸ்டூடியோவை விட்டுவிடலாம். பிணம் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம். என் மனைவியிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். "அப்ப இனிமே ராத்திரி நிம்மதியா தூங்குவீங்க" என்றாள். தூக்கத்தில் நான் முனகுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பல வாரம் அலைந்து ஒரு விடியலில் கிடைத்தது. கீழே காடு கறுப்பாக, அதன்மேல் வெண்பனி, சூரியன் எட்டிப் பார்க்கும் நேரம். பள்ளத்திலிருந்து ஒரு பறவை சிறகை அசைக்காமல் மேலெழுந்து நடுவானத்துக்கு வந்தது. ஒரே ஒரு தடவை அமுக்கினேன்.

மனைவியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டூடியோவின் டச்சிங் வேலையெல்லாம் அவள் கையில். முகத்தில் இருக்கும் கரும்புள்ளி நெகட்டிவில் வெளிச்சப் பொட்டாகத் தெரியும். அதைப் பென்சிலாலும், பெரிதாக இருந்தால் மெல்லிய தூரிகையால் சாயம் தொட்டும் அடைத்துவிட்டால், படத்தில் தோல் பளிச்சென்று வரும். அம்மைத் தழும்பு மாப்பிள்ளைகள் எத்தனை பேரை அவள் கரையேற்றியிருக்கிறாள்! அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு புள்ளி தப்பாது.

மலை நெகட்டிவைக் கழுவி, டச்சிங்குக்காக வீட்டில் இருந்த கல்யாண நெகட்டிவ்களோடு காயப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் ஸ்டூடியோ இருட்டறையில் படம் போட்டேன். தாளில் காடு வந்தது. பனி வந்தது. வானம் வந்தது, துடைத்துவைத்த தட்டு மாதிரி. பறவையைக் காணோம்.

வீட்டுக்கு ஓடினேன்.

"வானத்துல இருந்தத என்னடி பண்ணின?"

"நடுவுல ஒரு பொட்டு இருந்துச்சு, அடைச்சுட்டேன். இது உங்களுக்கு முக்கியமான படமாச்சேன்னு மத்த வேலைய ஒதுக்கி வச்சிட்டு மொதல்ல இதத்தான் செஞ்சேன்."

"அது பொட்டு இல்லடி, பறவை!"

அவள் முகம் செத்துப்போயிற்று. சாயம் போகட்டும் என்று நெகட்டிவைத் தண்ணீரில் ஊறவைத்தேன். சிங்கப்பூர் வெக்கைக்கு, சாயம் போவதற்குள் அதன் ஓரம் ஊறிச் சுருங்க ஆரம்பித்தது. அவசரமாக எடுத்துவிட்டேன். அச்சகத்தில் அன்றைக்கே படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் வெறும் வானத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அச்சகக்காரர் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அட, இதுவும் வசதிதான்! வானம் சுத்தமா இருக்கு. இங்க முருகனை மயில் மேல உக்கார வச்சிடலாம். அடுத்த வருஷம் பிள்ளையார். அதுக்கு அடுத்தது லட்சுமி. சாமிய மாத்துனா போதும், மலை இது ஒண்ணே போதும். நீங்க ஏன் வீணா பன்னெண்டு மலை ஏறிக் கஷ்டப்படணும்?"

நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலமே ஒரு பிணத்துக்குக் கூப்பிட்டு ஆள் வந்திருந்தது. போனேன்.

காலண்டர் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அவள்தான் மாட்டினாள், தினமும் குங்குமம் வைத்தாள். நான் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை. சண்டை எதுவும் இல்லை. மலைக்கும் போகவில்லை. ஒருநாள் அவளே வந்து நின்றாள்.

"அந்தப் பறவைய எனக்கும் காட்டுங்க."

தேக்கா சந்தையில் கீரையை இறக்கிவிட்டுப் புக்கித் தீமா பக்கம் திரும்பும் சீனரின் லாரியில் இடம் கேட்டு ஏறிக்கொண்டோம். மலையில் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினாள். அவள் மூச்சு வாங்கியது, எனக்கும்தான். கேமரா என் தோளில் தொங்கியது. உறையிலிருந்து எடுக்க மனமில்லை. உச்சியில் ஒரு பாறையில் சாய்ந்து, வராது, வராது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வந்தது. பள்ளத்திலிருந்து எழும்பி, எங்கள் தலைக்கு மேலேயே ஒரு வட்டம் போட்டது. செம்மண் நிறச் சிறகு, வெள்ளைக் கழுத்து. வெயில் பட்டு ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது.

அவள் சடாரென்று எழுந்து நின்றாள். இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, கருடன்! கருடனையா நான் அழிச்சேன்?"

மறுபடியும் போட்டுக்கொண்டாள். அது மரங்களுக்கு அப்பால் இறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் இருந்தது கோபம்.

"இம்மாம் பெருசா இருக்கு. இத ஒரு புள்ளியா கொண்டாந்து குடுத்தீங்களே, எனக்கு எப்படிங்க தெரியும்?"