மாடி தியேட்டரில் போட்ட சிலைடு

பிள்ளைகளே, போன வாரம் ஷாப்பிங் சென்டரில் உங்களுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கிக்கொண்டு திரும்பும்போது, மாடிக்குப் போகும் அந்த அகலமான படிக்கட்டில் ஏன் நின்றுவிட்டேன் என்று கேட்டீர்கள். கால் வலி என்று சொன்னேன். அது பொய். வாயால் சொல்ல வராதது எழுதினால் வருமா என்று பார்க்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன்; பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஷூ கம்பெனி குடோன் இருக்கிற அந்த மாடி, அப்போது சினிமா தியேட்டர். அதுவரை எங்கள் ஊருக்கு டென்ட் கொட்டகைதான். ஒரு தோல் வியாபாரி கீழே வரிசையாகக் கடைகள், மேலே தியேட்டர் என்று கட்டி, ஷாப்பிங் சென்டர் என்று பெயர் வைத்தார். செருப்பு வாங்க வந்தவன் படம் பார்ப்பான், படம் பார்க்க வந்தவன் செருப்பு வாங்குவான் என்பது அவர் யோசனை. மேலே சண்டைக் காட்சி ஓடினால் கீழே மருந்துக் கடையில் பாட்டில்கள் கிணுகிணுக்கும். பிறகு ஊருக்குள் வீடியோ வந்தது, கூட்டம் குறைந்தது, ஒருநாள் கதவைச் சாத்திவிட்டார்கள். அதன் சரித்திரம் அவ்வளவுதான். அதில் எனக்குப் பங்கு ஒரே ஒரு மேட்னி ஆட்டம், அதுவும் பாதி.

எங்கள் வீட்டில் சினிமா என்றால் பாவம். அப்பா சர்ச்சில் பாட்டுக்குழுவில் நிற்பவர். தியேட்டர் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்காதவர். தோல் பதனிடும் டேனரியில் அவருக்கு எழுத்து வேலை. ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, டேனரி ரைட்டர்தான். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டேனரிக்குப் போகிறவர்களின் துணியில் ஒரு வாடை இருக்கும். என்ன சோப்புப் போட்டாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஆட்டம் பார்த்த வருஷம் கோடையில், சாயங்காலம் அப்பா வந்து பக்கத்தில் உட்காரும்போது அந்த வாடை இல்லாமல் போயிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ராத்திரி ஜெபத்தில் அதற்காகக் கர்த்தருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

அன்று சனிக்கிழமை. அப்பா வழக்கம்போல டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டார். உங்கள் அத்தைக்கு அப்போது மூன்று வயது. இரண்டு நாளாக ஜுரம். அம்மா லீவு போட்டிருந்தார். மத்தியானம் ஜுரம் ஏறவே சீட்டு எழுதிக் கொடுத்து, "ஓடிப்போய் மருந்து வாங்கிட்டு வா. வழியில நிக்காத" என்றார்.

மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த மருந்து தீந்துபோச்சு தம்பி. வேலூர் பஸ்ல பார்சல் வருது. அரை மணி நேரம் குந்து" என்றார்.

குந்தியிருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். மாடியில் சோடாக் கடை வைத்திருந்த பாயின் மகன் என் வகுப்பு. படிக்கட்டில் நின்றுகொண்டு கையை ஆட்டினான்.

"இன்னாடா முழிக்கிற? மேல வா. ஃபைட்டு நடக்குது."

"தங்கச்சிக்கு மருந்து வாங்கணும்டா."

"பஸ்சு வந்தா ஹார்ன் கேக்கும். பேஜார் பண்ணாத தோஸ்த், வா."

ஒரே ஒரு சண்டை, பார்த்ததும் இறங்கிவிடலாம் என்று போனேன். தரை டிக்கெட்டுக்காரர்கள் நடுவில் உட்கார வைத்தான். அத்தனை பெரிய முகங்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒரு சண்டை இரண்டாயிற்று. ஹார்ன் சத்தம் எதுவும் என் காதில் விழவில்லை.

திடீரென்று படம் நின்றது. திரையில் ஒரு சிலைடு. அப்போதெல்லாம் அவசரமாக யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால், கண்ணாடித் துண்டில் கரி பூசி ஊசியால் கீறி எழுதிக் காட்டுவார்கள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

'டேனரி ரைட்டர். குழந்தைக்கு ஜுரம் அதிகம். உடனே வெளியே வரவும்.'

அப்பா சினிமாவுக்கு வராதவர். ஆகவே கூப்பிடுவது ரைட்டர் மகனான என்னைத்தான், அம்மா கண்டுபிடித்துவிட்டார். வெளியே போனால் பிடித்துக்கொள்வார்கள். குழந்தைக்கு ஜுரம் அதிகம் என்பதையும் படித்தேன், பிள்ளைகளே. படித்துவிட்டும் எழுந்திருக்கவில்லை. முன்னால் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது திரையில் ஒரு நிழல் எழுந்தது. ஒரு தலை, அதற்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்த மூன்றடுக்கு டிபன் கேரியர்.

"யோவ், குந்துயா!"

"இன்னாய்யா, சோத்து மூட்டையோட வந்துட்ட?"

கொட்டகையே சிரித்தது. அந்த ஆள் கால்களைத் தாண்டித் தாண்டி ஓடினார். வாசல் திரையை விலக்கியபோது வெளிச்சம் விழுந்தது. அப்பா.

கீழே இறங்கி வந்தபோது பார்சல் வந்து வெகு நேரம் ஆகியிருந்தது. மருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. "வலிப்பு வந்திடுச்சுப்பா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிட்டாங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வழியெல்லாம், தங்கச்சி செத்துவிட்டால் நான்தான் கொன்றவன் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

சாகவில்லை. கட்டிலில் ஈரத்துணி போட்டுக் கிடத்தியிருந்தார்கள். மூச்சு ஏறி இறங்கியது. அப்பா தலைமாட்டில் நின்றிருந்தார், கையில் இன்னும் கேரியர்.

"எங்கடா போன?" என்றார்.

"மருந்துக் கடையிலதான் நின்னேன்."

அவர் கேரியரைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். "நான் டேனரியிலிருந்து நேரா வர்றேன்" என்றார். எங்கிருந்து வருகிறார் என்று நான் கேட்கவே இல்லை. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஈரத்துணியைப் பிழிந்து வேறு பக்கம் திருப்பிப் போட்டார்.

அப்பா வேலை செய்த டேனரி அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே மூடிவிட்டது எனக்குத் தெரியாது. கேரியரோடு கிளம்புகிற மனிதர் வெயில் நேரத்தை எங்கே கழிப்பார் என்று யோசிக்கிற வயதும் இல்லை. சிலைடு போடச் சொல்லிப் பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பியது அம்மாதான் என்பதை, அப்பா இறந்துபோன பிறகுதான் அம்மாவே சொன்னார். "தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? சட்டையில வாடையே இல்ல. பாக்கெட்டுல தெனம் பாதி டிக்கெட்டு. அவரா சொல்லட்டும்னு சோறு கட்டிக் குடுத்துனு இருந்தேன்" என்றார்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அப்பாவும் என்னைப்போல ஒரு தப்புச் செய்துவிட்டார், அம்மாவிடம் மாட்டிக்கொள்வார் என்கிற பயம் மட்டும்தான். மறுநாள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நான் தனியாக வீட்டுக்கு வந்து அப்பா மாற்றிவிட்டு அழுக்குக் கூடையில் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, அதன் பையில் கையை விட்டேன். ரோஸ் நிறத்தில் ஒரு பாதி டிக்கெட் இருந்தது. அதை வாயில் போட்டு, நன்றாக மென்று, விழுங்கிவிட்டுச் சட்டையை இருந்த இடத்தில் வைத்தேன்.