கேலி பேச ஒரு மதினி

நான் பத்தாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் காதால் படித்ததுதான். பஸ்ஸில் முன்சீட்டு அம்மாள் தன் மருமகளைப் பற்றிச் சொல்வது, ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியை மடக்குவது, கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர் சாம்பார் வாளிக்காரனைக் கிண்டல் பண்ணுவது, எல்லாவற்றையும் கேட்ட மாத்திரத்தில் மனதில் முடிந்து வைத்துக்கொள்வேன். எங்கள் சாத்தூர்ப் பக்கம் புத்தி சொல்வதென்றால் நேராகச் சொல்ல மாட்டார்கள். சிரிக்க வைத்துத்தான் சொல்வார்கள். தலையை முடியாமல் நான் அடுப்படியில் நின்றால், "முடியைக் கட்டு" என்று என் பெரிய அண்ணன் பெண்டாட்டி சொன்னதே இல்லை. "ரசத்துக்குக் கறிவேப்பிலை பத்தலையாம், இவ வேற எதையோ போட்டுத் தாளிக்கப் போறா" என்பாள். கை தானாகக் கொண்டைக்குப் போய்விடும்.

இந்தக் கேலிக்கும் ஒரு வரம்பு உண்டு. அக்கா தங்கை, அண்ணன் தம்பி, ஒரே குலசாமி கும்பிடுகிற பங்காளி வீட்டார், இவர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது. அங்கே பாசமும் பயமும்தான். மதினி, மச்சான், கொழுந்தியாள் என்று பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற முறைக்காரர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். பேசாமல் இருந்தால்தான், என்ன கோபம் என்று கேட்பார்கள்.

கல்யாணமாகி ஹைதராபாத் வந்தபோது இதையெல்லாம் யாரிடம் பேசுவது என்று நான் யோசிக்கவில்லை. கம்ப்யூட்டர் படிக்க நாலா திசையிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்கிய காலம் அது. அமீர்பேட்டில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை எங்களுக்கு. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர் முழுக்கப் பயிற்சி நிலையங்களின் போர்டு. ஒரு போர்டின் மேல் இன்னொரு போர்டு ஏறி உட்கார்ந்திருக்கும். என் கணவர் அங்கேயே படித்து, அங்கேயே கொஞ்ச நாள் பாடம் நடத்தி, பிறகு ஒரு கம்பெனியில் சேர்ந்தவர். நல்ல மனிதர். பேச்சு மட்டும் குறைவு. காலையில் கம்பெனி வண்டியில் போனால், நான் குழம்பை இரண்டாம் முறை சூடு பண்ணுகிற நேரத்துக்குத்தான் வருவார்.

பக்கத்து வீடுகளில் தெலுங்குக்காரர்கள். மாடிப்படியில் பார்த்தால் நலம் விசாரிப்பார்கள், சிரிப்பார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒருவரும் என்னை ஒரு குறையும் சொன்னதில்லை. யாரும் ஒன்றும் சொல்லாத ஊரில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஊருக்கு எஸ்.டி.டி. போட்டால் மீட்டர் ஓடுகிற பயத்தில் நலமா, நலம் என்பதோடு முடிந்துவிடும். அந்த அவசரத்தில் கேலி வராது. ஒரு நாள் விசில் கொடுக்காத குக்கரைப் பார்த்து, "என்ன, இன்னிக்குச் சத்தத்தையே காணோம், ஒம் மாமியா வந்திருக்காளா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றும்விட்டேன். என்மேலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்த வாரம்தான் ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு செகந்திராபாத் பஸ் ஏறினேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பஸ் போர்டுகளைப் படித்துப் படித்து நானாகக் கற்றுக்கொண்ட தெலுங்கில், என்றைக்குத் தருவீர்கள், கழுத்து இவ்வளவு இறக்கம் போதும் என்றெல்லாம் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு தமிழில் சொன்னார்:

"இந்தத் தெலுங்கை எங்க குடுத்துத் தச்சே? ஒரு கை நீளமா இருக்கு, ஒரு கை குட்டையா இருக்கு."

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குத் துணி தைக்க வந்த குடும்பம் அவருடையது. சொந்த ஊர் மதுரைக்குத் தெற்கே என்பதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் அவர் காலே வைத்ததில்லை. வீட்டுக்காரர் மல்லாபூரில் ஒரு ஃபாக்டரியில் வேலை. கல்லூரிக்குப் போகிற ஒரு மகள், தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்கிறவள். என்னைப் பற்றி அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கூடப் பொறந்தவனுங்க இருக்கானுங்களா?"

"ரெண்டு அண்ணன்."

"அப்ப நான் உனக்கு மதினி. ரெண்டுல எது பார்க்க நல்லாருக்கும்னு சொல்லு, அதுக்கு நான்."

அவ்வளவுதான், முறை ஏற்பட்டுவிட்டது. அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும் செகந்திராபாத். கணவரிடம் காய்கறி அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சந்து முனையில் என் தலை தெரிந்ததுமே மெஷின் சத்தத்துக்கு மேல் அவர் குரல் வரும். நான் வாங்கிய கத்தரிக்காயை எடுத்துப் பார்த்து, இது பிஞ்சா, இல்லை உன் மாமியாரோடு பிறந்ததா என்பார். தலைக்கு எண்ணெய் வைத்துப் போனால் இந்த வாரம் கடையில் எண்ணெய் விலை ஏறியதற்குக் காரணம் இப்போது புரிகிறது என்பார். நானும் சும்மா இருக்க மாட்டேன். அவர் பேச்சில் ஆமாம் என்பதற்கு ஹவ் என்றும் வேண்டாம் என்பதற்கு நக்கோ என்றும் அந்த ஊர் ஹிந்தி விழும்போதெல்லாம், "மதினி, சோத்துல கல்லு கெடக்கு" என்பேன். "கைக்கு? ஏன், பல்லு இல்லியா உனக்கு, மென்னு முழுங்கு" என்று பதில் வரும்.

என் கணவர் பேசுவதே இல்லை என்று ஒரு நாள் குறைப்பட்டேன். வேறு யாராவது என்றால் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அவர் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே, "என் வீட்டுக்காரரு நாள் பூரா மெஷின் சத்தத்துல நிக்கறாரு. வீட்டுக்கு வந்தா நான் பேசறேன். அதை அவரு ஓவர்டைம்னு நெனச்சிக்கிறாரு. உன் ஆளு பாவம், அவருக்கு மெஷினும் சத்தம் போடாது" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன். அன்று இரவு கணவருக்குச் சோறு போட்டுவிட்டு நானாகப் பேச்சை ஆரம்பித்தேன். அவரும் ஏதோ பேசினார். சிரிப்பாகச் சொன்ன அந்த வார்த்தைக்குள் இருந்த மருந்து எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அதற்கு அடுத்த வருஷம் என் கணவரைக் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பியது. சில மாதம் என்றார்கள். வீட்டில் நான் மட்டும். வியாழன் போதவில்லை, திங்களும் போனேன். மாசி மாதம், சிவராத்திரிக்கு முந்தைய திங்கள் என்று நினைவு. ஊரில் எல்லோரும் குலசாமி கும்பிடப் போகிறார்கள் என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தான். மதினியைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் அந்தக் கதையை எடுத்தேன். ஊரெல்லாம் பச்சரிசி மாவில் மாவிளக்குப் போட, நாங்கள் மட்டும் கம்பு மாவில் போடுவோம், விளக்கு கன்னங்கரேல் என்று இருக்கும், சாமியே யார் இருட்டில் உட்கார்ந்திருப்பது என்று கேட்கும் என்றேன்.

மெஷின் நின்றது.

"கம்பு மாவா? கருப்பட்டி போட்டா?"

"ஆமா மதினி."

"மேக்கால பார்த்து வைப்பீங்களா? ஒத்தத் திரியா?"

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. தன் அப்பா உயிரோடு இருந்தவரை சிவராத்திரி அன்று சமையலறையில் கம்பு மாவு விளக்கு வைப்பார், ஏன் மேற்கே பார்த்து என்று கேட்டால் அய்யனார் அப்படித்தான் இருக்கிறார் என்பார், அவருக்குப் பின் தானும் வைப்பதாகவும், எந்த அய்யனார், எந்தக் கரை என்று தெரியாது என்றும் மதினி சொன்னார். எங்கள் அய்யனார் கண்மாய்க்கரையில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வகையறா தவிர வேறு எவரும் கம்பு மாவு வைப்பதில்லை. வாய் மூடத் தெரியாத நான் அதையும் சொன்னேன்.

அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ பொறந்த வீடும் நான் பொறந்த வீடும் ஒரே சாமி. அப்ப நீ என் தங்கச்சிடீ."

அன்றைக்கு நானும் அழுதேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. முன்பின் தெரியாத ஊரில் எங்கள் வகையறாவிலேயே ஓர் அக்கா. அண்ணனுக்குப் போன் போட்டு, மீட்டரைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்னேன்.

அடுத்த முறை போனபோது, வேண்டுமென்றே தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு போனேன். சந்து முனையில் குரல் வரவில்லை. உள்ளே நுழைந்ததும், "வாம்மா, வெயில்ல வந்திருக்கே" என்று தண்ணீர் கொடுத்தார். சாப்பிட்டாயா என்றார். உன் வீட்டுக்காரர் போன் பண்ணினாரா என்றார். ஊறுகாய் பாட்டிலில் கட்டிக் கொடுத்தார். மகளைக் கூப்பிட்டு, இனி இவளைச் சித்தி என்று சொல் என்றார். அந்தப் பெண்ணும் "ஹாய் சித்தி" என்றுவிட்டுப் போனாள். நான் கத்தரிக்காயை வெளியே எடுத்து வைத்தேன். அவர் பார்த்தார். நல்லதாகப் பார்த்து வாங்கும்மா என்று மட்டும் சொன்னார்.

முறை மாறியதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. "கேலி பேசணும்னா உன் மச்சான்கிட்ட பேசு. அதான் முறை" என்று தன் வீட்டுக்காரரைக் கை காட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேவ் பண்ணிக்கொண்டிருந்த மனிதரிடம், மீசையில் பாதியை ஃபாக்டரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டீர்களா மச்சான் என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் மீசையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, "சாய் குடிக்கிறீங்களா?" என்றார்.

நானும் விடவில்லை. ஒரு நாள் ரெடிமேட் ஜாக்கெட் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். முதுகில் தொளதொளவென்று, கழுத்தில் இறுக்கி, பார்க்கச் சகிக்காது. தையல்காரி வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு போவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். பழைய மதினியாக இருந்தால் அந்தச் சந்து முழுக்கக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். அக்கா என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய்த் தன் சேலையைப் போர்த்தி உட்கார வைத்து, ஜாக்கெட்டை வாங்கித் தையலைப் பிரித்து, ஒரு வார்த்தை பேசாமல் சரியாகத் தைத்துக் கொடுத்தார். "இளைச்சுட்டே. தனியா இருக்கறவ, ஒழுங்கா சாப்பிடு" என்றார்.

அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"சாப்பிட்டியான்னு கேக்க ஊர்ல நாலு பேரு இருக்காங்க. இந்த ஊர்ல என்னைக் கேலி பேச உங்களை விட்டா யாருக்கா இருக்கா?"

அவர் நூல்கண்டை எடுத்துச் சுற்றினார். சுற்றி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"கேலி பேச யாரும் கெடைப்பாங்க. எங்கப்பாவுக்கப்புறம் எனக்குன்னு இங்க ஒருத்தரும் இல்ல. இத்தினி வருஷம் யாருக்கு வெக்கறோம்னு தெரியாமயே வெளக்கு வெச்சேன். அந்த அய்யனாருதான் உன்னை அனுப்பியிருக்காரு. உன்னைப் போயி கேலி பேசினா நாக்கு கூசுதும்மா. நக்கோ."

அந்தக் கோயிலை வருஷா வருஷம் பார்த்து வளர்ந்தவள் நான். அய்யனார் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவரைக் கண்ணாலேயே பார்த்திராதவருக்கு அது எப்படித் தெரியும்? அக்காவுக்கு ஊர் என்று கையில் இருந்ததே அந்த முறை ஒன்றுதான். அதிலிருந்து ஒரு நூலைக் கூட என்னால் பிரிக்கச் சொல்ல முடியவில்லை. அவருக்கு ஒரு தங்கையைக் கொடுத்துத்தான் என் மதினியை நான் தொலைத்திருந்தேன்.

போவதை நிறுத்தவில்லை. வியாழக்கிழமை போய் அக்கா வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டர் யாரையாவது ஏதாவது சொல்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு வருவேன். அவர் வேகமாகப் பேசும் தெலுங்கில் பாதி எனக்குப் புரியாது. மற்றவர்கள் சிரித்தால் நானும் கொஞ்சம் சிரித்து வைப்பேன்.

கணவர் திரும்பி வந்தார், கொஞ்ச நாளில் மறுபடியும் போக வேண்டியதாயிற்று. இந்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு, பல வருஷத்துக்கு. கிளம்பும் நாள் ஆட்டோவில் சொல்லிக்கொள்ளப் போனேன். குளிருக்கு இப்போதே பழகிக்கொள் என்று கணவர் வாங்கிக் கொடுத்த வெள்ளை பூட்ஸைப் புடவைக்குக் கீழே மாட்டியிருந்தேன். நடந்தால் தொப் தொப்பென்று சத்தம். சந்தில் விளையாடிய பிள்ளைகள்கூட நின்று பார்த்தன.

பிறந்த வீட்டிலிருந்து செய்கிற சீர் மாதிரி அக்கா தட்டு வைத்திருந்தார். பட்டுப் புடவை, அதற்குத் தைத்த ஜாக்கெட், வளையல், மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். கிழக்கே பார்க்க நிற்க வைத்து நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார். அந்த ஊரில் எனக்கு அப்படி யாரும் செய்ததில்லை, இனிச் செய்யப்போவதும் இல்லை. மகளும் மச்சானும் சுவரோரம் நின்றார்கள். அக்கா அழுதார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாசலுக்கு வந்ததும் அவர் பார்வை என் காலுக்கு இறங்கியது. பூட்ஸைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். ஒரு நொடி வாயோரம் அசைந்த மாதிரி இருந்தது.

"பத்திரமா போயிட்டு வாம்மா" என்றார்.

ஆட்டோ சந்து முனை திரும்பும் வரை அவர் வாசலிலேயே நின்றார். நான் பின்னால் திரும்பி, கடைசி வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.