தேங்காய்த் தண்ணீர் பட்ட ஒட்டு

மானிப்பாயில் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். ஒட்டு விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்; என் கைபட்டது விட்டுப்போகாது என்று சொல்லித் திரிகிறவன். போன வருடம் தங்கச்சியின் புருஷன் தன் லாண்ட்மாஸ்டரை, அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, கொண்டுவந்தான். எஞ்சினையும், பின்னால் ஆட்களும் சாமானும் ஏற்றுகிற பெட்டியையும் இணைக்கிற தண்டு முறிந்திருந்தது. பழைய லொறி அச்சில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். அது கடினமான இரும்பு. சூடு மெல்ல மெல்ல இறங்க வேண்டும்; சட்டென்று குளிர்ந்தால் ஒட்டு வெடிக்கும். சாம்பலால் மூடிவைப்பது என் வழக்கம்.

மச்சானுக்கு அதுவரை பொறுமை இல்லை. திருத்தின வாகனத்தைத் தேங்காய் உடைக்காமல் எங்கள் பக்கத்தில் எவரும் எடுத்துப் போவதில்லை. நான் சாம்பல் வாளியை எடுத்துவர முன்னம் கற்பூரம் கொளுத்தி, தேங்காயை அந்தத் தண்டிலேயே ஓங்கி அடித்துவிட்டான். தண்ணீர் முழுதும் சூட்டில் கொட்டிச் சீறியது. பிறகு மெல்லிதாக 'டிக்' என்றொரு சத்தம்.

"பாத்தியளோ மச்சான், சரிபாதியா உடைஞ்சிருக்கு. நல்ல சகுனம்!"

ஒட்டு வெடித்துவிட்டது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நல்ல காரியத்தில் அபசகுனமாகக் கதைக்கக் கூடாது என்று என்னையே சமாதானம் செய்தேன். உண்மை என்னவென்றால், கடையில் நின்ற நாலு பேர் முன்னால் என் வேலையைப் பிழை என்று சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது மனைவி சொன்னாள், தங்கச்சி தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்க அந்தப் பெட்டியில்தான் ஆட்களோடு போகிறாளாம். கோப்பையை அப்படியே வைத்துவிட்டுச் சுத்தியலோடு சைக்கிளை மிதித்தேன். சாதாரண இரும்பு முறிய முன்னம் வளைந்தாவது காட்டும். சூட்டோடு தண்ணீர் பட்ட இந்த இரும்பு ஒன்றும் காட்டாது.

ஒழுங்கையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சியும் ஐந்து பெண்களும் பெட்டியில் இருந்தார்கள்.

"எல்லாரும் இறங்குங்கோ!" என்று கத்தினேன்.

"உவருக்கென்ன, விடியக்காத்தாலை பேய் பிடிச்சிட்டுதோ?" என்று மச்சான் சிரித்தான்.

அவர்கள் இறங்கியதும் சுத்தியலால் ஒட்டில் ஓங்கி அடித்தேன். இரண்டு அடிக்குத் தண்டு அசையவில்லை. பெண்களும் சிரிக்கத் தொடங்கினார்கள். மூன்றாவது அடியில், கொஞ்சமும் வளையாமல், ஒட்டோடு இரண்டாகப் போனது. முறிந்த இடம் சீனி போல மினுங்கியது. ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. அது ஒட்டும்போது படிந்து, நான் அவசரத்தில் தட்டி எடுக்காமல் விட்ட கசடு. வெடிப்பு அங்கேதான் தொடங்கியிருந்தது. தேங்காயை மட்டும் குறை சொல்ல வழியில்லை.

தங்கச்சி துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"நேற்றே உங்களுக்குத் தெரியுமோ அண்ணை?"

"ஓம்" என்றேன்.

அவள் துண்டை என் கையில் வைத்துவிட்டு, பெண்களைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள்.